தகடுகளுக்கு நடுவே ஒரு துணுக்கு

ஆய்வுக்கூடத்தில் 'மைக்ரான்' என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே திருதிருவென்று விழிப்பார். வேலை அப்படி. தலைமுடியைவிட மெல்லிய இரண்டு உலோகத் தகடுகளைச் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டி, எதிரெதிரே நிறுத்தி, நடுவில் பத்து மைக்ரான், இருபது மைக்ரான் என்று இடைவெளி வைப்பார்; மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். துகள் முடுக்கியிலிருந்து பாயும் கற்றை முதல் தகட்டில் மோதும். கிளர்ச்சியடைந்த அணுக்கரு தெறித்துப் பறக்கும். இரண்டாம் தகடு அதைப் பிடித்து நிறுத்தும். பறக்கையில் கதிர் விட்டதா, நின்றபின் விட்டதா என்று பார்த்தால் அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்று தெரியும். கதிரை விட்டுவிட்டுச் சீக்கிரம் கீழ்நிலைக்கு இறங்கினால் அந்த நிலைமாற்றத்துக்கு வலிமை அதிகம். தாளில் கணக்குப் போடுகிறவர்களின் மாதிரிகள் தேறுமா தேறாதா என்பதற்கு அந்த வலிமைதான் தீர்ப்பு.

அப்படிக் கணக்குப் போடுகிறவர்களில் ஒருத்தி அவருடைய ஒரே மகள். கடல் தாண்டிப் போய் நாலு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. வாராவாரம் போன் வரும்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்பா. அம்மாகிட்ட குடுங்க."

அம்மாவும் பெண்ணும் அரை மணி நேரம் சிரிப்பார்கள். இவர் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருப்பார்.

இந்த வருஷம் அளந்தது மகள் கணக்குப் போட்டுக் கட்டுரை வெளியிட்ட அதே அணுக்கருவை. வலிமை அவள் கணக்குக்கு ஒத்துவராமல் அதற்கு ஒன்றரை மடங்காக வந்தது. அடேயப்பா, எண்ணை அனுப்பிய அன்றைக்கே போன், அதுவும் அப்பாவைக் கேட்டு! தகடு எப்படி, இடைவெளி எப்படி என்று தினமும் ஒரு மணி நேரம் பேச்சு. "அப்படி என்னதான் பேசுவீங்களோ!" என்று மனைவி முகவாயை இடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் மகள் சொன்னாள்: "நானே வரேன்பா. கூட இருந்து திரும்ப அளக்கணும். டிக்கெட் போட்டாச்சு."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அறைக்குத் தானே பெயின்ட் அடித்தார்.

மறுபடி அளக்கத் தகடுகளைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஓரத்தில் ஓர் உலோகத் துணுக்கு நசுங்கி ஒட்டியிருந்தது. தகடுகள் தொட்டால் மின்சாரம் பாயும்; அந்த இடம்தான் பூஜ்யம், இடைவெளியை அங்கிருந்துதான் எண்ணுவார். இங்கே தொட்டது தகடு இல்லை, துணுக்கு. அவர் குறித்த ஒவ்வோர் இடைவெளியும் உண்மையில் ஏழு மைக்ரான் அதிகம். அதனால்தான் அணுக்கரு அவசரமாக இறங்கியதுபோல் தெரிந்திருக்கிறது. மகள் கணக்கில் பிழையே இல்லை.

துடைக்காமல் தகடு பூட்டுகிற ஆள் இல்லை அவர். முதல் தடவை அளக்கப் பூட்டிய அன்று தூரிகையைக் கையில் எடுத்த நேரம், அதிசயமாக மகள் நேரே அவரையே கூப்பிட்டுப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். பூரித்துப்போய்த் திரும்பியவர், துடைத்தாகிவிட்டது என்ற நினைப்பிலேயே பூட்டிவிட்டார்.

துணுக்கை ஊதிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் வருவாள், பக்கத்தில் நின்று அளப்பாள், சரியான எண் அப்போது வந்துவிட்டுப் போகட்டும். பத்து நாளாவது அவள் முகத்தைப் பார்க்கலாம். பாவி மனசு கெஞ்சியது. ஆனால் நேற்று அவள் சொன்னதும் காதில் இருந்தது: "தூக்கமே வரலப்பா. கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

போனை எடுத்தார்.

"அம்மாடி, உன் கணக்கு சரிதான். தப்பு என் பக்கம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு கூச்சல். அது அடங்கியதும் அவள் கேட்டாள்: "அப்ப நான் வந்து என்னப்பா பண்ண? நீங்களே அளந்துடுவீங்க. இங்க வேலை வேற தலைக்கு மேல கெடக்கு."

'வாம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாம்மா, எதுக்கு வீண் அலைச்சல்."

வீட்டில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. மனைவி புதுத் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு என்ன சொன்னா உங்க பொண்ணு?" என்று கேட்டாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சாப்டாளாம்" என்றார்.