மலைக்குத் திரும்பிப் போன தீர்த்தம்

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, கல்வராயன் மலைக்குப் போய் வருவது எனக்கு வழக்கம். இந்த வருடம் இரண்டு முறை போனேன். முதல் முறை பெருமாளைப் பார்க்க. அடுத்தது பதினொரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, ஒயர்க் கூடையில் ஐந்து கண்ணாடிப் பாட்டில்களோடு. வழியும் செலவும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை ஏன் போனேன் என்பதையும் படித்துவிட்டுப் போங்கள். அந்த மலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு சின்னசேலத்தில். நான்கு வருடத்துக்கு முன் என் கணவருக்கு மஞ்சள் காமாலை முற்றி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலைக்காரர் தங்கள் ஊர்ப் பெருமாளைப் பற்றிச் சொன்னார். வேண்டிக்கொண்டேன். இவர் எழுந்து நடந்தார். அந்தப் புரட்டாசியில் தொடங்கியது இந்தப் பயணம்.

சின்னசேலத்தில் காலை 5.40-க்கு டவுன் பஸ். கள்ளக்குறிச்சிக்கு முப்பத்தைந்து நிமிடம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ பன்னிரண்டு ரூபாய். 6.50-க்கு வெள்ளிமலை பஸ், நாற்பத்திரண்டு ரூபாய். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை தெரியும், அதன் பிறகு வளைவுகள் தொடங்கும். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலைக்கு 8.40-க்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து ஷேர் வேனில் பதினொரு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். பத்துப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை.

வேன் ஓட்டும் சடையனை முதல் வருடத்திலிருந்தே தெரியும். என் கையில் வெறும் பாட்டிலைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"யம்மா, வருஷா வருஷம் எங்க மலைய பாட்டில் பாட்டிலா எறக்கிகினு போறீங்க. ஒரு நாள் பாத்தா மலையே இருக்காது."

"நான் அரை லிட்டர்தாம்பா எடுக்கறேன்," என்றேன்.

"நீங்க அரை லிட்டரு. அவனுங்க லோடு லோடா." எதிரே வந்த டிப்பர் லாரிக்கு ஒதுங்கி நின்றபடி சொன்னார். போகும் வழியில் அதுபோல ஏழு லாரிகளுக்கு ஒதுங்கினோம். சாலை ஓரத்துப் பலா மரங்களின் இலையெல்லாம் வெள்ளை படிந்து, யாரோ சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தன.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். சாமை, மரவள்ளி போடுவார்கள். கடுக்காயும் தேனும் எடுத்து விற்பார்கள். நாற்பது வீடுகள் உள்ள ஊர். பெயரை எழுதாமல் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஓட்டுக் கூரைக்குக் கீழே பெருமாள், சுற்றிலும் துளசி. பூசாரியின் மனைவி அலமேலு என்னைவிட நாலு வயது இளையவள். ஒவ்வொரு வருடமும் தரிசனம் முடிந்ததும் என் பாட்டிலை வாங்கிப்போய் ஊற்றில் பிடித்துத் தருவது அவள்தான். பெருமாளுக்குத் திருமஞ்சனமும் அந்த ஊற்றுத் தண்ணீரில்தான். அதனால் எனக்கு அது தீர்த்தம்.

இந்த முறை பாட்டிலை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"எக்கா, இந்த வருஷம் தண்ணி வேணாம். துளசி மட்டும் எடுத்துகினு போ."

"ஏன், ஏதாவது தீட்டா?"

"தீட்டுன்னா மூணு நாள்ல பூடும். நீயே வந்து பாரு."

ஊற்று ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே, பாறை இடுக்கில் இருக்கிறது. கட்டைவிரல் கனத்துக்கு விழும் தண்ணீர் ஒரு கல்தொட்டியில் நிறையும். முன்பெல்லாம் தொட்டியின் அடியில் கிடக்கும் இலையின் நரம்புகூடத் தெரியுமாம். இப்போது தொட்டிக்கு அடி இருப்பதே தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் சாம்பலைக் கரைத்ததுபோல் இருந்தது.

போன வருடம் தை மாதம், ஊற்றுக்கு மேலே உள்ள பட்டா நிலத்தில் கல் குவாரி வந்திருக்கிறது. கல்லை அரைத்து எம்-சாண்ட் எடுக்கிறார்கள். அந்த மணலைக் கழுவின தண்ணீரைப் பெரிய குட்டையில் தேக்குகிறார்கள். குட்டையில் தேங்கினது கசிந்து கீழே ஊற்றுக்கு வருகிறது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். போன வருடம் எனக்குக் கொடுத்த தண்ணீரும் லேசாகக் கலங்கித்தான் இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பினால் வீட்டுக்கு வீடு குடங்கள் வரிசையாக நின்றன. நேற்றுப் பிடித்தது, முந்தாநாள் பிடித்தது என்று. இரண்டு நாள் தெளிய வைத்து, மேலாக மொண்டு, துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். அலமேலு ஒரு குடத்தைச் சாய்த்து அடியில் இருந்ததை விரலால் வழித்துக் காட்டினாள்.

"தண்ணிக்கிப் போனா சிமிட்டி ஓசி எக்கா. ஒரு செவுரே பூசலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகளை, "புள்ளத்தாச்சிக்கி இந்தத் தண்ணியா" என்று மருமகன் வந்து திருப்பி அழைத்துப் போய்விட்டான். பெருமாள் திருமஞ்சனத்துக்கு மட்டும், மூன்று கிலோமீட்டர் கீழே இருக்கும் இன்னோர் ஊற்றிலிருந்து பூசாரி தண்ணீரைத் தலையில் தூக்கி வருகிறார். ஊர் முழுவதற்கும் அப்படித் தூக்க முடியாது. இப்போது குவாரிக்காரர்கள் இரண்டாவது குழிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அது ஊற்றுக்கு இன்னும் பக்கத்தில்.

"அதத் தோண்டுனா ஊத்துக்கண்ணே பூடும். அப்பறம் இந்த ஊரு கீழ எறங்க வேண்டியதுதான்," என்றாள் அலமேலு.

அந்த அனுமதி பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி முன்பே வந்திருக்கிறார். பள்ளிக்கூடக் குழாயில் பிள்ளைகளுக்கு மட்டும் போதுகிற அளவுக்கு வருகிற போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஊற்றைப் பற்றிச் சொன்னதற்கு, அது எப்போதும் கலங்கல்தான், மலை மண் அப்படி என்று குவாரி மேனேஜர் சொல்லியிருக்கிறார். முன்பு தெளிவாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி ஊர்க்காரர்களைக் கேட்டாராம்.

"குடிச்ச தண்ணிக்கி ரசீதா வாங்கி வெச்சிருக்கோம்?" என்றாள் அலமேலு. வருகிற புதன் போய் அடுத்த புதன் அதிகாரி மறுபடி வருகிறார், அதுதான் கடைசி விசாரணை என்றும் சொன்னாள்.

வேண்டாம் என்று அவள் சொன்னாலும் வெறும் பாட்டிலோடு இறங்க எனக்கு மனம் வரவில்லை. நானே போய்ப் பிடித்தேன். எப்போதும்போல் சீட்டு எழுதி ஒட்டினேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் படித்துத்தான் எழுத்து பழகினேன். அதனாலோ என்னவோ, எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. சாம்பார் பொடி அரைத்த தேதிகூட டப்பாவில் இருக்கும். தீர்த்தத்துக்கு வருடம், கிழமை, நேரம், பிடித்துக் கொடுத்தவர் பெயர் எல்லாம் எழுதி ஒட்டி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, பூஜை அலமாரியில் வைத்துவிடுவேன்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி, புதுப் பாட்டிலை மற்ற நான்கோடு வரிசையில் வைத்தேன். எல்லாம் மலையில் தேன் வாங்கின ஒரே மாதிரிப் பாட்டில்கள். விளக்கு பின்னால் எரிந்துகொண்டிருந்தது. முதல் மூன்று பாட்டில்களிலும் சுடர் அப்படியே தெரிந்தது. நான்காவதில், நகர்த்தியதில் அடியில் படிந்தது கலங்கி, மங்கலாக ஒரு பொட்டு. ஐந்தாவதில் ஒன்றுமே தெரியவில்லை. அலமேலு இல்லை என்று சொன்ன ரசீது என் வீட்டில் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் உடனே துணிச்சல் வரவில்லை. சாமி அலமாரியில் ஏறினதை எடுத்துக்கொண்டு போய் ஓர் அதிகாரி மேசையில் வைக்கலாமா? அதிலும் முதல் பாட்டில் என் கணவருக்காக வேண்டி எடுத்தது. எங்கள் இருவரில் யார் முதலில் போனாலும் கடைசியில் வாயில் ஊற்ற என்று மெழுகு உடைக்காமல் வைத்திருந்தேன். மூன்று நாள் யோசித்துவிட்டு இவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஊத்தறதுக்குத்தான வெச்சிருக்க? நான் இப்பத்திக்கி போற மாதிரி இல்ல. எடுத்துகினு போ," என்றார்.

புதன்கிழமை அதே பஸ், அதே நேரம், அதே கட்டணம். பாட்டில்களைப் பழைய வேட்டியில் தனித்தனியாகச் சுற்றி, கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளிமலையில் சடையன் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா யம்மா இது? எறக்கனத எல்லாம் திருப்பி ஏத்திகினு வர்றீங்க?"

விவரம் சொன்னேன். அதன்பிறகு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியைத் தவழவிட்டார். இறங்கும்போது ஐம்பது ரூபாயை வாங்க மறுத்தார். கையில் திணித்துவிட்டுத்தான் வந்தேன்.

விசாரணை பள்ளிக்கூட வராந்தாவில். பதினொரு மணி என்றார்கள், அதிகாரி வந்தது 12.20-க்கு. கண்ணாடி போட்ட, ஓய்வு வயதை நெருங்கின மனிதர், முழங்கால் வலியோடு சாய்ந்து நடந்தார். குவாரி மேனேஜரைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரே அவர்தான். மேசையில் வேட்டியை மடித்து விரித்து, ஐந்து பாட்டில்களையும் வருட வரிசைப்படி வைத்தேன். கூட்டம் மேசையைச் சுற்றி நெருங்கி வந்தது.

அதிகாரி ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். "நீங்க எந்த ஊரும்மா? இன்னா பண்றீங்க?"

"சின்னசேலங்க. வூட்ல இருக்கேன். வருஷா வருஷம் சாமி கும்பிட வருவேன்."

மேனேஜர் மெதுவாகச் சொன்னார். "அம்மா மேல மரியாதை இருக்கு சார். ஆனா கொழாத் தண்ணியப் புடிச்சி நேத்து சீட்டு எழுதி ஒட்டியிருந்தாலும் இதே மாதிரிதான இருக்கும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதிகாரியும், "சீல் இல்லம்மா. இத நான் ஆதாரமா எடுத்துக்க முடியாது," என்று பேனாவை மூடினார்.

அப்போது அலமேலு முன்னால் வந்தாள். "சீட்ட வுடுங்க சார். எக்கா, மொத பாட்டில தொற. அது எங்க ஊத்தா, கொழாத் தண்ணியான்னு நாங்க சொல்றோம்."

மெழுகைச் சுரண்டினேன். தீர்த்தம் கொடுக்கிற உத்தரணிக் கரண்டியைக் கூடையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். அலமேலு இடது கையின் மேல் வலது கையைக் குவித்து நீட்டினாள். ஒரு கரண்டி விட்டேன். வாயில் வைத்து உருட்டி விழுங்கினாள்.

"இதான்," என்றாள்.

அடுத்து பூசாரி. அடுத்து கடுக்காய் பொறுக்கப் போகிற பெண்கள் நான்கு பேர். பிறகு வரிசையே வந்துவிட்டது. "நெல்லி கடிச்சிட்டு குடிச்ச மாதிரி பின்னால இனிக்குது பாரு," என்று ஒருத்தி சொல்ல, "அத எம்மாம் நாளாச்சி நாக்குல வெச்சி," என்றாள் பின்னால் நின்றவள். நான் அந்தப் பெருமாளிடம் தீர்த்தம் வாங்க வந்தவள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ஊற்றையே கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதிகாரியின் ஜீப் டிரைவரும் வரிசையில் வந்து கை நீட்டினார். மேனேஜர் வரவில்லை. ஆனால் செருப்பை எப்போதோ கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

பாட்டில் காலியானது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஊத்து எவ்ளோ தூரம்?"

"ஒரு கிலோமீட்டர் சார். வண்டி போவாது," என்றார் பூசாரி.

நடந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று, இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கல்தொட்டியில் தன் கேனிலேயே தண்ணீர் பிடித்து, சீல் வைத்து, மேனேஜரிடமும் அலமேலுவிடமும் கையெழுத்து வாங்கினார். மேலே ஏறிக் குட்டையையும் பார்த்தார். "பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் ரெண்டாவது குழி வேணாம்னு எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றார்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அலமேலு கேட்டுக்கொண்டாள். போன வாரம் போனில் பேசினாள். இரண்டாவது குழி தோண்டவில்லை, ஊற்று அப்படியேதான் இருக்கிறது. மகளுக்குப் பெண் குழந்தை, மாமியார் வீட்டில். பேத்தியை இன்னும் மலைக்குக் கொண்டு வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிமலையிலிருந்து நான் திரும்பிய கடைசி பஸ் 4.30-க்கு, தவறவிட்டால் தங்க இடம் தேட வேண்டும். பெண் ஒருவர் போய்வர, தேன் வாங்காமல், இருநூற்றுப் பத்து ரூபாய்க்குள் முடியும். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கீழேயிருந்தே எடுத்துப் போங்கள். வழியில் எந்த ஊரிலும் குடத்தைப் பார்த்து ஒரு சொம்பு கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அது இரண்டு நாள் காத்திருந்து தெளிந்த தண்ணீராக இருக்கலாம். எந்தக் கோயிலில் தீர்த்தம் எடுத்தாலும் பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள்.

என் முதல் பாட்டில் இப்போது காலியாகவே பூஜை அலமாரியில் பழைய இடத்தில் இருக்கிறது. ஊற்று தெளிந்தால் தன் கையாலேயே நிரப்பித் தருவதாக அலமேலு சொல்லியிருக்கிறாள். பழைய சீட்டின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "புதன்கிழமை, பிற்பகல் 1.10. ஊற்றுக்காரர்களே குடித்தார்கள்." அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.