சத்தம் போடாத காசு

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பல் ஒன்றும் எடுப்பாக இல்லை, நல்ல வரிசைப் பல்தான். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். அதனால் வந்த பெயர். ஊரில் பாதிப் பெரியவர்கள் வாய் நிறையச் சிரிக்கிறார்கள் என்றால் அது அவள் கைவேலை. எதிரே அவளைப் பார்த்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு போவார்கள். ரகசியம் தெரிந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அவளுக்குத் தெரிந்த இன்னொரு ரகசியம் தெருவுக்குத் தெரியாது. அவளுடைய தம்பி ஒரு மேஜை வித்தைக்காரன். மேடை போட்டுப் பெட்டிக்குள் ஆளை அடைத்து அறுக்கிற ரகம் இல்லை. பெரிய ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள் மேஜைக்குப் போய், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, நாலு காசை வைத்துக்கொண்டு ஆளை அசர வைக்கிறவன். புழக்கத்திலிருந்து போன பெரிய வெள்ளிநிறக் காசுகள் அவை. நாலு மூன்றாகும், மூன்று ஐந்தாகும். பார்க்கிறவர்கள் அவன் விரலைப் பாராட்டுவார்கள். விரலில் பாதி, காசில் பாதி என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் தெரிந்த கணக்கு.

காசில் ஒன்று வெறும் ஓடு. ஒரு பக்கம் காசு, மறுபக்கம் குடைந்த பள்ளம். இன்னொரு காசின்மேல் கவிழ்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பல்லுக்குத் தொப்பி போடுகிறவளுக்குக் காசுக்குத் தொப்பி போடுவது ஒரு பெரிய வேலையா? அந்தத் தொப்பிக் காசை அவள்தான் இழைத்தாள். இழைத்ததோடு முடியவும் இல்லை. தொப்பிக் காசு கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும், நசுங்கினால் கவ்வும், கவ்வினால் மேஜை முன்னால் மானம் போகும். கை வியர்வை பட்டால் ஒட்டும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறு காலையும் தம்பி துணிப்பையோடு அவள் வீட்டுக்கு வருவான். அவள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாள். ஈரத்துணியால் துடைப்பாள், விளிம்பை நெம்பி எடுப்பாள், பவுடர் தொட்டு வைப்பாள். பளபளப்பாக்க மட்டும் மாட்டாள். லேபில் பல்லை மின்ன வைக்கிற மெஷின் இருந்தும் மாட்டாள். ஒரு காசு மட்டும் மின்னினால் கூட வந்த காசுகள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் ஒரே பையில் கிடந்து ஒரே அளவுக்கு அழுக்காக வேண்டும், அதுதான் சட்டம்.

"நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான், ஒரே பையில கெடந்த காசு" என்று தம்பியைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்படுவாள். அவள் கணவர் பஸ் டிரைவர். அவர் இதைக் கேட்டு வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்வார்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. வித்தைக்காரர்கள் சங்கத்தில் அவளும் உறுப்பினராக வேண்டும். தன் பெயர் அச்சடித்த அட்டை ஒன்று வேண்டும். அது இருந்தால்தான் ஹோட்டல் மேஜைகளுக்குப் போக விடுவார்கள். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. சங்கத்துப் பதிவேட்டில் இல்லாத வித்தை ஒன்றை மூன்று பேர் முன்னால் காட்ட வேண்டும். வேறு யாருடைய சரக்கையாவது எடுத்து வந்து காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அவள் எடுத்துக்கொண்டது மடக்குக் காசு. புதிய சங்கதி அல்ல, எல்லா வித்தைக்காரனிடமும் இருப்பதுதான். காசை மூன்று துண்டாக அறுத்து, விளிம்பைச் சுற்றி ஓடுகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டிருப்பார்கள். அழுத்தினால் மடங்கும், மடங்கினால் புட்டியின் குறுகிய வாய்க்குள் போகும், உள்ளே போனதும் ரப்பர் இழுத்து மறுபடி முழுக்காசாய் விரியும். விரியும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை மூடுவதற்காகத்தான் வித்தைக்காரர்கள் அந்த நேரம் பார்த்துப் புட்டியைத் தட்டுவதும், ஜோக் அடிப்பதும், இருமுவதும். புட்டியைப் பார்வையாளர் கையில் கொடுக்கவே முடியாது. விரிகிற அதிர்வு அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அந்த 'டிக்'கை ஒழிக்க அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. துண்டுகள் முட்டிக்கொள்கிற விளிம்பில் முடியளவு இழைத்து எடுத்து, அந்த இடத்தில் ஈறு செய்கிற மென்மையான பசையைத் தடவி, இறுக வைத்துப் பார்த்தாள். முதலில் உதிர்ந்தது. பிறகு தடித்துப்போய்க் காசு மூட மறுத்தது. ரப்பர் வேறு படுத்தியது. கடைசியில் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர்களுக்கு மாட்டும் பொடி வளையம் பொருந்தியது. டாக்டர் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எதற்கென்று கூடக் கேட்கவில்லை.

முடிந்த அன்று முதலில் பார்த்தவன் தம்பிதான். காசைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இருபது தடவை மடக்கி மடக்கி விட்டான்.

"அக்கா, எனக்குக் கேக்கலக்கா! ஒண்ணுமே கேக்கல!"

சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கும் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் செய்த ஒரு பொருளுக்காக யாரும் கண்கலங்கியதில்லை, பல்செட் இறுக்கிப் பிடித்து அழுதவர்களைத் தவிர.

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் லேபில் வேலை குவிந்துவிட்டது. தம்பி வந்து சொன்னான்: "இங்க ஒரே பிளாஸ்டர் தூசாக் கெடக்கு. உன் காசை சங்கத்து லாக்கர்ல வச்சிடறேன். மூணு நாள் முன்னாடி கொண்டுவந்து தர்றேன்." அவள் புது வளையம் மாட்டி, பவுடர் தொட்டு, விரித்த நிலையிலேயே பஞ்சில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மடக்கி வைத்தால் ரப்பர் சோர்ந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

சொன்ன மாதிரியே மூன்று நாள் முன்னால் திருப்பிக் கொடுத்தான். பரீட்சையன்று வெளியூரில் நிகழ்ச்சி, வர முடியாது என்றான். அவசரமாகக் கிளம்பியும் போனான். அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசைப் பார்த்தவள், பார்த்தபடியே இருந்தாள்.

ரப்பர் மடிப்பில் வெளுத்திருந்தது.

அந்த வளையம் எத்தனை தடவை மடக்கினால் வெளுக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. குறைந்தது இருநூறு. லாக்கரில் பஞ்சுமேல் படுத்திருந்த காசு, தானாக எழுந்து இருநூறு தண்டால் எடுத்திருக்க முடியாது.

போனில் கேட்டாள். "தொடவே இல்லக்கா" என்றான்.

"வெயில்ல வெளுத்திருக்கும்" என்று கணவரிடம் சொன்னாள்.

"லாக்கருக்குள்ள வெயிலா?" என்றார் டிரைவர். "இங்க பாரு, உன் தம்பியை ஒரு வார்த்தை நேர்ல வச்சு நல்லாக் கேட்டுடு."

"அவன் பொய் சொல்ல மாட்டான். உங்களுக்கு அவனை ஆரம்பத்துலேருந்தே ஆகாது."

அவள் புது வளையம் மாட்டினாள். கண் பார்த்ததை மனசு நம்ப மறுத்தது. கண்ணை நம்ப வேண்டாம் என்று ஊருக்குக் கற்றுக்கொடுக்கிற தொழில், அவளையும் பழக்கிவிட்டிருந்தது போல.

சங்கத்து அறையில் பச்சைத் துணி விரித்த மேஜை. அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் செயலாளர், தங்கமான மனுஷர் என்று பெயரெடுத்தவர். சின்ன மருந்துப் புட்டியைச் செயலாளர் கையிலேயே கொடுத்து, இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். காசைக் காட்டினாள், மேஜையில் தட்டிக் காட்டினாள், புட்டியின்மேல் ஒரு விரலை வைத்தாள். சத்தமே இல்லை. பிறகு, "குலுக்குங்க சார்" என்றாள். உள்ளே முழுக்காசு கலகலத்தது. புட்டியின் வாயைவிட இரண்டு மடங்கு பெரிய காசு.

மூன்று பேர் வாயும் பிளக்கும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் புட்டியை மெல்ல மேஜையில் வைத்தார். "ரொம்ப சுத்தமாச் செய்யறீங்கம்மா. ஆனா இது உங்க தம்பியோட ஐட்டமாச்சே. போன மாசப் பொதுக்கூட்டத்துல காட்டினாரே. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம். பதிவேட்டுலயும் ஏத்தியாச்சு."

"இது நான் செஞ்சது சார்" என்றாள்.

அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தம்பியின் கையெழுத்தேதான். சின்ன வயதில் அவள் கைபிடித்து எழுதப் பழக்கிய கோணல் கையெழுத்து. வித்தையின் பெயர், உரிமையாளர் பெயர், தேதி. கருவி என்ற இடத்தில் எழுதியிருந்தான்: வெளிநாட்டிலிருந்து தருவித்தது.

"உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரே, நல்ல தம்பிதான்" என்றார் செயலாளர், ஆறுதலாக. "வேற ஒண்ணு தயார் பண்ணிட்டு வாங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வித்தையைத் திருடினான் என்பதை அவள் எப்படியாவது விழுங்கியிருப்பாள். கேட்டிருந்தால் கொடுத்தே இருப்பாள், அவள் சுபாவம் அது. அந்த ஒரு வரிதான் நெஞ்சில் இறங்கி நின்றது. மூன்று வருடம் கண் எரிய இழைத்த காசுக்கு ஊர் பேர் தெரியாத ஒரு வெளிநாடு சொந்தம் கொண்டாடியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பல்வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை தம்பி வழக்கம்போலத் துணிப்பையோடு வந்தான். முகத்தில் அசடு வழிந்தது. டிரைவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"செயலாளர் சொன்னார்க்கா. அது வந்து... அன்னைக்குக் கூட்டத்துக்கு ஹோட்டல் முதலாளி வந்திருந்தார். புதுசா ஏதாவது காட்டலேன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டிருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"சரி. என்னை ஏன்டா போக விட்ட? நான் அங்க போய் நிப்பேன்னு உனக்குத் தெரியும்ல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. நீ வேற எதையாவது காட்டுவேன்னு நெனச்சேன். உனக்கா தெரியாது? நீ நெனச்சா இன்னொண்ணு பண்ணிடுவ."

"வெளிநாடுன்னு ஏன் எழுதின?"

அவன் துணிப்பையின் கயிற்றைச் சுற்றினான், பிரித்தான். பிறகு, அவள் காலம் பூராவும் மறக்க முடியாத ஒரு விஷயத்தை, வாய் கூசாமல், அவளுக்கே எடுத்துச் சொல்லிப் புரியவைக்கிற மாதிரி சொன்னான்.

"பல்செட் பண்ற எங்க அக்கா செஞ்சதுன்னு எழுதினா எவன் மதிப்பான், நீயே சொல்லு?"

அவள் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். அவன் தைரியம் பெற்று, பையை அவள் பக்கம் தள்ளினான். "ஓட்டுல விளிம்பு கொஞ்சம் பிடிக்குது, பாத்துடு. அப்புறம் அந்த மடக்குக் காசையும் கொடு. சாயங்காலம் முதலாளி வீட்டு ஆளுங்க வர்றாங்க, அதைத்தான் கேட்டிருக்காங்க. ரப்பர் புதுசாப் போட்டுடுக்கா."

அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தொப்பிக் காசை எடுத்து விளிம்பை நெம்பினாள், துடைத்தாள், பவுடர் தொட்டாள். நாலு காசையும் வழக்கம்போலப் பார்த்துப் பார்த்துச் செய்து பையில் போட்டாள். எதையும் கெடுக்க அவள் கைக்குத் தெரியாது. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையங்கள் இருந்த பாக்கெட்டை எடுத்து, பைமேல் வைத்தாள்.

"இந்தா ரப்பர்."

"காசு எங்கக்கா?"

"வெளிநாட்டுலேருந்துதானே வரவழைச்ச? அங்கயே எழுதிப் போடு. இன்னொண்ணு அனுப்புவாங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, சாயங்காலம்க்கா. விளையாடாத."

"வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து மத்த காசையும் அங்கயே அனுப்பிடு. பல்செட் பண்றவ தொட்டா மதிப்புக் குறைஞ்சுடும்."

கெஞ்சினான், கோபப்பட்டான், செத்துப்போன அம்மாவை இழுத்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், திரும்பிப் பார்த்து நின்றான். அவள் தலைநிமிரவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, கேட் கிறீச்சிட்டது.

உள்ளேயிருந்து டிரைவர் வந்தார். "நல்லாக் கேட்டே" என்றார்.

அவளுக்கு நல்லதாக ஒன்றும் படவில்லை. புடவைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையிலிருந்து மடக்குக் காசை எடுத்து, கணவரின் காதோரம் வைத்து மடக்கி விட்டாள்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல. உடைஞ்சிருச்சா?" என்றார் அவர், நிஜமான கவலையோடு.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் காசைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். மடக்கி விட்டாள். மறுபடியும் மடக்கி விட்டாள். அந்த ஒன்றும் கேட்காததைக் கேட்டுக் கண்கலங்கத் தெரிந்த ஒரே ஆள், அதற்குள் தெருமுனை தாண்டிப் போயிருப்பான்.