சல்மா உம்மாவின் மேல் போட்ட கோடு

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கல்முனைக்குடியில் பட்டப்பகலில், பின்னேரம் மூன்று மணிக்கு நடந்த சங்கதி இது. நடந்தது சுல்பிகாவுக்கு. அவள் பொய் சொல்கிறவள் அல்ல... இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யால் வந்த வினைதான் இதெல்லாம்.

திகதி, நேரம் எல்லாம் இதில் பிசகாமல் வரும். பயந்துகொண்டிருக்கிறவள் மணிக்கூட்டையா பார்த்தாள் என்று சிரிக்க வேண்டாம். அது அவளுடைய படிப்பு கொடுத்த பழக்கம். மலைநாட்டுப் பல்கலைக்கழகக் கம்பஸில் அவள் மானிடவியல் படித்தாள். முதல் வருடம் முழுக்க மண்டையோடும் தாடையெலும்பும் கல்லாயுதமும்தான். மனிதன் எங்கிருந்து வந்தான், எப்போது நிமிர்ந்து நடந்தான் என்று. எலும்பு எண்ணப் போன புள்ள என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். பிறகு பாடம் உயிரோடு இருக்கிற மனிதர்கள் பக்கம் திரும்பியது. யார் யாரைக் கட்டுகிறார்கள், பிள்ளை யாருடைய வழியில் சேரும் என்கிற பாடம். விரிவுரையாளர் இராசதுரை சேர் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருவரிடம் கேட்டு எழுதினால் தாளின் தலையில் திகதி, நேரம், இடம், சொன்னவர் பெயர் நான்கும் இருக்க வேண்டும்.

கடைசி வருட ஆய்வுக்கு சுல்பிகா தன் ஊரையே எடுத்தாள். எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் குடி என்று ஒன்று இருக்கிறது. வாப்பாவின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆனால் குடி உம்மாவிடமிருந்துதான் வரும். ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. பெண்பிள்ளை இல்லாமல் போனால் அந்த வீட்டோடு அந்தக் குடி சரி. இதையெல்லாம் வீடு வீடாகக் கேட்டு, பெரிய வெள்ளைத் தாளில் படமாக வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம். மௌத்தானவர், அதாவது இறந்தவர் என்றால் அதன்மேல் சரிவாக ஒரு கோடு.

நாற்பத்தொரு வீடு முடிந்தது. மிச்சம் ஒன்று. வயலோரத்தில் தனியாக இருந்த சல்மா உம்மாவின் வீடு. புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. முத்துநாச்சி குடியில் மிஞ்சியிருந்த கடைசிப் பெண். டிசம்பரில் ஒருநாள் தெருவில் சுல்பிகாவின் கையை எட்டிப் பிடித்தா.

"என்னையும் எழுது மகள். என்ட உம்மாமார்ர பேரெல்லாம் எனக்குப் பாடம். நான் போனா ஒருத்தருக்கும் தெரியா."

அடுத்த மாதம் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டாயம் வருவேன் என்று சுல்பிகா சொன்னாள். 1982 ஜனவரி அது. அந்த வியாழக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் விடிய ஐந்தரைக்குக் கம்பஸ் பஸ். உடுப்பு அடுக்கவில்லை, படம் முடியவில்லை. மூன்றேகாலுக்கு ஜன்னலால் வெளியே பார்த்தாள். வயலோரத்துக்கு அரைக்கட்டை, அரை மைல் தூரம். முழங்கால் அளவு சேறு. திரும்பிப் படத்தைப் பார்த்தாள். சல்மா உம்மாவின் வட்டத்துக்கு மேல் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: காலமாகிவிட்டார், குடி முடிவுற்றது.

சோம்பல்தான். வேறு ஒரு காரணமும் இல்லை. உயிரோடு இருக்கிற மனுசியை ஒரு இழுவையில் மௌத்தாக்கினாள்.

அந்த ஆய்வுக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி கிடைத்தது. அதைப் புத்தகமாகப் போடுவதென்றும், ஒக்டோபரில் அவளைத் துணை விரிவுரையாளராக எடுப்பதென்றும் முடிவானது. இராசதுரை சேர் அவளைப் புகழப் புகழ அவளுக்கு உடம்பு கூசியது. அச்சுக்குப் போகுமுன் சல்மா உம்மாவைக் கண்டு, பேர்களை எழுதி, அந்தப் படத்தைத் திருத்திவிட வேண்டும். ஓகஸ்ட் லீவில் வந்ததே அதற்காகத்தான். வந்து பத்து நாளாகியும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? சல்மா உம்மா எப்படி இருக்கிறா என்று தன் உம்மாவிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், நீதானே போய் எழுதினாய் என்று உம்மா திருப்பிக் கேட்பா. உம்மாவும் ஏனோ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. வெட்கம் கெட்டவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினாளே தவிர எழும்பிப் போகவில்லை.

ஓகஸ்ட் பத்தொன்பது, வியாழக்கிழமை. உம்மாவும் வாப்பாவும் கலியாணப் பேச்சொன்றுக்கு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவள் மட்டும். இரண்டு மாதமாக ஒரு துளி மழை இல்லை. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று தெருப் புழுதியை அள்ளி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மேசையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாள்.

மூன்று பத்துக்கு வேலி வாசல் கடப்படியில் கதவுச் சத்தம். கிரீச்...

சல்மா உம்மா.

சுல்பிகாவுக்கு நெஞ்சு திக்கென்றது. பயத்தில் அல்ல, வெட்கத்தில். ஓடிப்போய் சலாம் சொன்னாள். பதில் சலாம் வரவில்லை. எங்கள் ஊரில் சலாத்துக்குப் பதில் சொல்லாத வயதான மனுசி கிடையாது. கோபமாக்கும், கோபப்பட வேண்டியதுதானே என்று நினைத்தாள்.

"நீ வருவாய் எண்டு பாத்தன் மகள். காணல்ல. அதான்..."

வந்து கதிரையில் இருந்தா. சாரி நனைந்திருந்தது. கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... கிணற்றடியில் கால் கழுவி வந்திருப்பா என்று சுல்பிகா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தலைமுக்காடும் நனைந்திருந்தது. வலது கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. அதை அவ துடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். பிறகு கேட்கலாம், முதலில் எழுதுவோம் என்று கொப்பியை எடுத்தாள். மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கோடரில் புதுக் கசற் ஒன்றைப் போட்டு அமத்தினாள்.

"உங்கட உம்மாட பேர் என்ன?"

"பாத்தும்மா."

"அவக்கு உம்மா ஆரு?"

"ஆசியா உம்மா."

"அவக்கு உம்மா ஆரு?"

"சத்தமாக் கேளு மகள். மழை இரைச்சல்ல கேக்குதில்ல."

சுல்பிகா ஜன்னலைப் பார்த்தாள். வெயில். புழுதி.

பேனை கையில் நின்றுவிட்டது. எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது. கால் வரவில்லை. ஆனால் வாய் மட்டும் கேட்டது. சத்தமாகக் கேட்டது.

"அவக்கு உம்மா ஆரு?"

ஒரு பேர். இன்னொரு பேர். ஏழாவது தலைமுறை. எட்டாவது. நாற்பத்தொரு வீட்டில் ஒருவருக்கும் நாலுக்கு மேல் தெரியாது. இவ பத்தைத் தாண்டிவிட்டா. குரல் வரவர இறங்கியது. தரையோடு வாயை வைத்துப் பேசுகிறவர்களின் குரல்.

பன்னிரண்டாவது பேர் முத்துநாச்சி.

"அவக்கு உம்மா ஆரு?"

"அவக்கு முன்னால பேர் இல்ல மகள். ஒரு பொம்புள. கடலால வந்தவ. அவக்கும் ஒரு உம்மா இரிந்தா..."

அறை குளிர்ந்தது.

டேப் ரெக்கோடரைப் பார்த்தாள். ஒரு பக்கம் அரை மணித்தியாலம்தான் ஓடும். அது ஓடிக்கொண்டே இருந்தது. பின்னேர அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லியிருக்க வேண்டும். பள்ளிவாசல் இரண்டு ஒழுங்கைத் தெரு தள்ளித்தான். கேட்கவில்லையே...

"எல்லாம் எழுதிட்டியா?"

"ஓம் உம்மா."

"கொஞ்சம் தண்ணி தா மகள்."

குசினிக்குப் போனாள். அடுப்படிப் பானையில் மொள்ள, கிளாசில் பாதி வெளியே ஊற்றுண்டது.

திரும்பி வந்தாள்.

கதிரையில் ஒருவரும் இல்லை.

கடப்பு மூடியபடி இருந்தது.

கதிரையின் கீழே தண்ணீர். வாசலிலிருந்து கதிரை வரைக்கும் தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

அந்த நேரம் பாங்கு கேட்டது. அது மஃரிப் பாங்கு. மணி ஆறு இருபத்திரண்டு. பன்னிரண்டு பேர் எழுதி முடிக்க மூன்று மணித்தியாலம்.

கசற்றைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டாள். அவளுடைய குரல் இருந்தது. அவக்கு உம்மா ஆரு... பிறகு ஒரு இடைவெளி. திரும்பவும் அவளுடைய குரல். திரும்பவும் இடைவெளி. இடைவெளி முழுக்க மழை. ஓட்டில் விழுகிற மழை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்கே வயலோரத்துக்குப் போனாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது, எல்லாவற்றையும் இராசதுரை சேருக்கு எழுதுவது, வேலை போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு போனாள். சல்மா உம்மாவின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பூட்டில் துரு. முற்றத்தில் முழங்கால் அளவு புல்.

பக்கத்து வளவிலிருந்து நஸீறா மாமி வேலிக்கு வந்தா. சல்மா உம்மாவுக்குச் சோறு கறி கொடுத்துப் பார்த்துக்கொண்டவ அவதான். சுல்பிகாவைக் கண்டதும் முகம் மாறியது. சல்மா உம்மா எங்கே என்று இவள் கேட்டாள். அவ மௌத்தாகி ஏழு மாதம், உனக்குத் தெரியாதா என்றா மாமி.

சுல்பிகா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். எப்போது என்று கேட்டாள்.

ஜனவரி, பெரிய மழை. வியாழக்கிழமை பின்னேரம் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்திருக்கிறது. எழும்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கறி கொண்டு போன நஸீறா மாமிதான் கண்டிருக்கிறா. மணலில் வலது கன்னம் பதியக் கிடந்தாவாம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகையும் முடிந்த பிறகுதான் உயிர் போயிருக்கிறது என்று உடலைக் குளிப்பாட்டியவர்கள் சொன்னார்களாம். சுல்பிகா கணக்குப் பார்த்தாள். வேண்டாம் என்று நினைக்க நினைக்க மனம் கணக்குப் பார்த்தது. மூன்றேகாலுக்கு அவள் கோடு போட்டபோது சல்மா உம்மா உயிரோடு அந்த வாசலில் கிடந்திருக்கிறா. விடிய அவள் பஸ் ஏறியபோதும் உயிர் இருந்திருக்கிறது.

ஏன் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டாள்.

அதற்கும் பதில் இருந்தது. நாளைக்குக் கம்பஸ் புள்ள என்னை எழுத வருது, ஒருத்தரும் வந்து கரைச்சல் தராதீங்க என்று முதல்நாளே சல்மா உம்மா எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாவாம்.

"நான் வரல்ல மாமி." சுல்பிகா அழுதாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். "மழை எண்டு வரவேயில்ல. பொய்யா எழுதிட்டன்."

நஸீறா மாமி அவளைப் பார்த்தா. கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"எனக்கிட்டயுமா மகள் பொய் சொல்றாய்? 'அவக்கு உம்மா ஆரு, அவக்கு உம்மா ஆரு' எண்டு அண்டைக்கு அந்த மழைக்குள்ள நீ சத்தமாக் கேட்டுக் கேட்டு எழுதினது மஃரிப் வரைக்கும் எங்கட குசினிக்குக் கேட்டிச்சி. நீ அவவ விட்டுட்டுப் போனது தெரிஞ்சா கொமர்ப் புள்ளட பேர் கெட்டுப் போகும் எண்டுதான் இண்டுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

மாமி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு கையை எடுத்தா.

"கடைசியா அவ தண்ணி கேட்டதும் எனக்குக் கேட்டிச்சி மகள். நீ குடுப்பாய் எண்டுதான் நான் வராம இரிந்தன்."