மூக்குக்குக் கீழே தனக்கா

முகக்கவசம் மாட்டுமுன் மஞ்சுளா மூக்குக்குக் கீழே தனக்காவை அழுத்தித் தேய்த்துக்கொள்வாள். யாங்கோனில் பெண்கள் அந்த மரப்பட்டைச் சாந்தைக் கன்னத்தில் பூசுவார்கள். இவள் மட்டும் ஆண்களுக்கு மீசை இருக்கிற இடத்தில். "இல்லாட்டி புண் நாத்தத்துல வாந்தி வந்துரும்" என்பாள், வெட்கமே இல்லாமல்.

வயது பத்தொன்பது. யாங்கோனின் தாமுவே பகுதியில் ஓர் இலவச கிளினிக்கில் சம்பளமில்லாமல் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறாள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மூன்று மாத அனுபவக் கடிதம் வேண்டும். கிளினிக் டாக்டரம்மாவின் கையெழுத்துதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும். பர்மிய மொழி மடமடவென்று வரும், தமிழ்தான் தட்டுத்தடுமாறும். ஆனாலும் தமிழ்ப் பெரிசுகள் எல்லாம் அவளிடம்தான் காலை நீட்டும். கை அவ்வளவு பதம். ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுக்கமாட்டாள், உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுப்பாள்.

ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து படகேறி வருகிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஷம்சுதீனுக்குக் கால்விரலில் சர்க்கரைப் புண். ஒரு செவ்வாய்க்கிழமை அவரே சொன்னார்: "நாத்தம் அடிக்குதேம்மா, எனக்கே தாங்கல."

மஞ்சுளா குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமில்ல மாமா, நல்லாத்தான் இருக்கு."

சீட்டில் 'வாடை இல்லை' என்று எழுதினாள். அவள் மூக்குக்கு எட்டியது தனக்கா வாசனை மட்டும்தான். சீட்டை நம்பிய டாக்டரம்மா கட்டைப் பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விரல் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே விரலை எடுத்துவிட்டார்கள்.

மஞ்சுளாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதம் அச்சாகி டாக்டரம்மா மேசைமேல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். அவளே உள்ளே போனாள். முகக்கவசத்தைக் கழற்றி மூக்கடியைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அன்று முழுக்க அழுதாள் பாவம். கடிதத்துக்கா, விரலுக்கா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாளும் வேலைக்கு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஷம்சுதீன் கட்டுக்காலோடு வந்தார். மஞ்சுளா அவரிடமும் மறைக்கவில்லை. அவர் தன் காலைக் காட்டிக் கேட்டார்:

"அப்ப நாறிச்சுதானே? நான் சொன்னேன்ல?"

"ஆமா மாமா. நீங்க சொன்னீங்க."

அவர் காலை நீட்டினார். மஞ்சுளா தனக்கா பூசாமல் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கட்டைப் பிரித்து, விரல் இருந்த இடத்துக்கருகே முகத்தைக் கொண்டுபோய், மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.