அத்தை ஊர் சுற்றிக் காட்டிய அமாவாசை

என் அத்தை செங்கம்மாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அந்தக் காலத்துத் திருவள்ளூரில் இன்னொருத்தி இருந்திருக்க முடியாது. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தபால்காரர் வந்தால் கதவுக்கு உள்ளேயிருந்தே பதில் சொல்லி அனுப்புவாள். இதே அத்தைதான் பத்து வயதில் பழவேற்காட்டு ஏரியில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போய் வலை எடுத்து வந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயமில்லை, தெரு என்றால்தான் பயம். தண்ணீர் போகும்போது பார்த்தாலும் வரும்போது பார்த்தாலும் ஒரே தண்ணீர்தான், தெரு மட்டும் திரும்பி வரும்போது வேறு தெருவாகிவிடுகிறது என்பாள்.

ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேனாக இருந்த செங்கல்வராயன் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் திருவள்ளூருக்கு வந்தது 1961இல். வந்த மூன்றாம் நாள் உப்பு வாங்கப் போனவள் வழி தவறிவிட்டாள், பொழுது சாயும் நேரத்தில் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். கையில் உப்புப் பொட்டலம் நனைந்து பாதியாகியிருந்ததாம். அதோடு சரி. காய்கறி வாசலுக்கு வந்தது, மற்றதெல்லாம் மாமா வாங்கி வந்தார். ரயிலடியிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ரயிலடி, இந்த ஒரு வழியைத் தவிர ஆறு வருடத்தில் அவள் அந்த ஊரில் ஒன்றும் பார்க்கவில்லை.

இதை அவள் பிறந்த எங்கள் குப்பத்தில் ஒருவரும் அறியார். ஆடித் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அத்தை திருவள்ளூரைப் பற்றி அளப்பாளே, அதைக் கேட்க ஒரு கூட்டமே கூடும். தேரடியில் இன்ன கடை, கோர்ட்டில் இன்ன வழக்கு, ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரம்மா இப்படி என்று ஆளைக் கண்முன் நிறுத்துவாள். எல்லாம் மாமா சாப்பிடும்போது சொன்ன கதைகள். அவற்றைத் தானே பார்த்ததாகச் சொன்னாள்.

அந்தப் பொய் பிறகு அவள் கழுத்தையே பிடித்தது. எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் போகப் படகில் அக்கரைக்குப் போகவேண்டும். எனக்கு ஆறு வயது முடிந்ததும் அப்பா சடையப்பன், "செல்விய அக்காகிட்ட வுட்டுடலாம். டவுனு. அக்காவுக்கு ஊரே அத்துப்படி" என்றார். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு முறை வயிற்றில் வந்து தங்கவில்லை. நான் வரப்போகிறேன் என்று கடிதம் பார்த்ததும் அவள் எனக்குப் பாவாடைக்குத் துணி எடுத்து வரச்சொல்லி மாமாவை அன்றைக்கே விரட்டினாள். ஆனால் கடிதத்தின் கடைசியில் அம்மா ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தாள். தை அமாவாசைக்கு எல்லோரும் வருகிறோம், ஊரைப் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விடுவதா வேண்டாமா என்று சொல்லமுடியும்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அந்த வரியை மட்டும் மாமாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாளாம். ஊரைச் சுற்றிக் காட்டத் தெரியாதவளிடம் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்?

அமாவாசைக்கு முந்தின நாள், மாமா வேலைக்குப் போனதும், அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பினாள். ஆறு வருடம் குடியிருந்த ஊரைப் பார்க்க, முதல் தடவை வந்திறங்கிய வெளியூர்க்காரியைப் போல. பின்னாளில் இதை அவளே என்னிடம் சொன்னாள்.

ஏரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பனி மூடிய காலையில் கரை தெரியாது. அப்போது கடல் இரைவதைக் காதில் பிடித்துக்கொண்டு படகு விடுவார்கள். போகும்போது சத்தம் இடக்காதில் என்றால் திரும்பும்போது வலக்காதில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அத்தைக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அவள் தெருக்கோடியில் அந்தத் தை மாதம்தான் புதிதாக ஒரு ரைஸ் மில் திறந்திருந்தார்கள். இன்ஜின் போடும் சத்தம் பாதி ஊருக்குக் கேட்கும். முன்னால் கோயில் கோபுரம், பின்னால் மில் சத்தம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் சுவரை ஒட்டி ஒட்டி நடந்து குளக்கரை வரைக்கும் போனாள். பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடத்தையும் பார்த்து வைத்தாள். வழியில் ஒரு ஜட்கா வண்டிக்காரன் "ஓரம் போம்மா" என்று சொன்னதற்கே மூச்சு நின்றுவிட்டதாம். ஆனால் திரும்பும்போது மில் சத்தம் கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டது. ரவிக்கை வேர்வையில் பிழிந்தெடுக்கிற மாதிரி இருந்தது, மனசு மட்டும் லேசாகிவிட்டது.

மறுநாள் காலை நாங்கள் பொன்னேரியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, வந்து சேர்ந்தோம். மாமாவுக்கு அன்றைக்கும் வேலை, அத்தைதான் ரயிலடிக்கு வந்திருந்தாள். வீட்டில் நாஷ்டா முடித்துக் கோயிலுக்குப் புறப்பட்டபோது தெரு முழுக்க ஜனம். தை அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ வந்து குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரையும் என்பது நம்பிக்கை. அப்பாவுக்குத் தோள்பட்டை வலி, அதற்காகக் கால் வீசை வெல்லம் வாங்கினோம். கூட்டமே எங்களைத் தள்ளிக்கொண்டு போனதால் அத்தைக்கு வழி பார்க்கும் வேலையே வரவில்லை. "இப்டிதான், இப்டிதான்" என்று முன்னால் கைகாட்டிக்கொண்டு நடந்தாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கங்கம்மா அத்தையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குளத்தில் இறங்க வரிசை நீளமாக இருந்தது. அப்பா வரிசையில் நின்றார், அம்மா துணிமணிக்குக் காவல் உட்கார்ந்தாள். "அண்ணி, அதுக்குள்ள இவளுக்குப் பள்ளிக்கூடத்த காமிச்சிட்டு இட்டாந்துடு" என்றாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். ஜன்னல் வழியாக வாத்தியாரின் பிரம்பையும் பார்த்தேன். திரும்பி வந்தால், வந்த தெருவில் கூட்டத்தைத் தடுக்கப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. வேறு பக்கம் போகச் சொன்னார்கள். போனோம். சந்து இன்னொரு சந்தில் போய் விழுந்தது, கோபுரம் மறைந்துவிட்டது. அத்தை நின்று, கோழி மாதிரி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

மில் சத்தம் கேட்கவில்லை.

"இன்னா அத்த?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா."

சும்மா இல்லை. அவள் வழி தவறிவிட்டாள். யாரையாவது வழி கேட்கலாம். கேட்டால் நான் போய் அம்மாவிடம் "அத்த வயி கேட்டாங்க" என்று சொல்லிவிடுவேன். அதோடு பிள்ளை கைவிட்டுப் போய்விடும். எனவே கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள்.

எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் நின்ற இடம் வந்ததும் "இதான் கோர்ட்டு" என்றாள். மருந்து வாடை அடித்த இடத்தில் "இதான் ஆஸ்பத்திரி." கிளிக்கூண்டு தொங்கிய ஒரு பெரிய வீட்டைக் காட்டி "தாசில்தார் ஊடு" என்றாள். அது மண்ணெண்ணெய் மண்டிக்காரர் வீடு என்று பிறகு தெரிந்தது. சிறிது நேரம் கழித்து அதே கிளிக்கூண்டு மறுபடி வந்தது.

"அத்த, இந்த ஊட்ட மின்னயே பாத்துட்டோம்."

"இது வேற கண்ணு. அவரு தம்பி ஊடு."

நான் நம்பினேன். தாசில்தாரும் தம்பியும் ஆளுக்கொரு கிளி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாகக்கூட இருந்தது. அத்தையோ அப்போது தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் பின்னாலேயே வந்தான். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருவார்கள் என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்து, என்னை இழுத்துக்கொண்டு ஒரு சந்தில் நுழைந்து ஏறக்குறைய ஓடினாள். அவன் காலி பாட்டில் வாங்குகிறவன். எனக்கு அது ஓட்டப் பந்தயம்.

அந்தச் சந்து எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பியது. வீடுகள் முடிந்தன. எதிரே வயல். சேற்று வயல், வரப்பு, தூரத்தில் ஒரு செங்கல் சூளை, எங்கும் ஓர் ஆள் இல்லை. நடுப்பகல் வெயிலில் அவ்வளவு பெரிய நிலம் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்து நானே முதன்முறையாகப் பயந்தேன். உலகத்திலுள்ள எல்லோரும் எங்களை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது போல இருந்தது. இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. அத்தை ஒரு கையால் என்னைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, மறுகையால் செருப்பைக் கழற்றி எடுத்தாள். வாசலில் தபால்காரரைப் பார்க்கப் பயந்த பெண் அவள்.

"டேய், சும்மா இருங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. வேப்பமரத்தடியில் ஒருவர் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நாய்கள் அவருடையவை.

அத்தை அப்போதும் வழி கேட்கவில்லை. "இன்னாங்க, ஒருத்தரயும் காணோம்? அந்த ரைஸ் மில்லுகூட ஓடல?" என்றாள்.

"அமாவாசையாச்சேம்மா" என்றார் அவர். "இன்னிக்கி யாரு ஏர் பூட்டுவா, யாரு மெசின் ஓட்டுவா?"

எங்கள் ஏரியில் அமாவாசை என்றால் நீரோட்டம் கூடும், இறால் ஓடும், ஒரு படகுகூடக் கரையில் நிற்காது. வேலைக்கு வேலை நாள் அது. கடல் இரைச்சலுக்கு அமாவாசையும் கிடையாது ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. நிலத்துக்காரர்களின் இன்ஜினும் மாடும் அன்றைக்கு ஓய்வெடுக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் வரப்பின் மீதே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது எங்கோ ரயில் கூவியது. அத்தை எழுந்தாள். கூவல் வந்த பக்கம் பார்த்து வரப்பு வரப்பாக நடந்தோம், தண்டவாளம் வந்தது. தண்டவாளத்தை ஒட்டியே போனால் ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே வழியில் வீடு, வீட்டிலிருந்து கூட்டத்தோடு கோயில். குளக்கரைக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மா தலைமுடி அவிழ்ந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பா ஈரவேட்டியோடு போலீஸ்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, இரண்டு கிளி, சூளை, தண்டவாளம். "அத்த ஊர் பூரா சுத்திக் காமிச்சாங்க."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னா அக்கா, சொல்லிட்டுப் போவக்கூடாதா? பேஜாரா பூட்ச்சி" என்று சிரித்தார். "சரி, ஊரப் பாத்தாச்சி. இவ இங்கயே இருக்கட்டும். ஜூன்ல பள்ளிக்கூடம், அதுக்குள்ள உன்கூட பயகிக்கட்டும்."

அம்மா என் கை வளையலைச் சரிசெய்துவிட்டு அத்தையைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி வண்டிக்கு ஸ்டேஷனில் நின்றோம். என் துணி மூட்டை அத்தையின் இடுப்பில் இருந்தது. அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வண்டி வந்து நின்று, அப்பா ஏறக் கால் வைத்த நேரத்தில், அத்தை அந்த மூட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"சடையப்பா, கொயந்தைய இட்டுனு போயிடுடா. எனக்கு இந்த ஊர் தெரியாது. ஒண்ணுமே தெரியாது. காலைல நா சுத்திக் காமிக்கல, காணாம பூட்டேன். வயி தெரியாம இவள வெச்சிக்கினு வயக்காடு வரிக்கும் போயிட்டேன். இவளுக்கு இன்னா வேணா ஆயிருக்கும்." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மூட்டையை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நாய்களும் கோணிப்பைக்காரனும் அந்த வெற்று வயலும் மறுபடி கண்ணில் வந்து, நானும் அழத்தொடங்கினேன்.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, என் இடது கையைத் தூக்கி வளையலை மேலே தள்ளினாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"கொளத்தாண்டயே இத்த பாத்தேன் அண்ணி" என்றாள். "ஊர் சுத்திக் காட்றவ இப்டி புடிக்கமாட்டா. நீயா சொல்றியா பாக்கலாம்னு இருந்தேன். அவ்ளோ நேரத்துல ஒரு தபா கைய வுட்டியா?"

அத்தை இல்லையென்று தலையை ஆட்டினாள். "நாய் வந்தப்போகூட வுடல."

கார்டு விசில் ஊதினார். அம்மா அப்பாவின் கையிலிருந்த மூட்டையை வாங்கி அத்தையின் இடுப்பில் திரும்ப வைத்தாள். "வயி தெரியலன்னா நாலு பேர கேளு. அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அத்தை என் கையை அதே இடத்தில் பிடித்திருந்தாள். வலித்தது. நான் சொல்லவில்லை.