காதில்லாத கால்நடை

"ஏனுங்க, இன்னைக்குக் கணியூர் மாட்டாஸ்பத்திரியில கோமாரி ஊசி போடறாங்க. மாட்டைப் புடிச்சுட்டுப் போகாம ஊட்டுல உக்காந்து டீவி பாத்துப்போட்டு, வாயில புண்ணு வந்தப்புறம் எனக்குப் போனைப் போடறீங்களே, நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களாங்க?"

வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு அனுசுயா போனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் தேன்பெட்டியிலிருந்து உருவிய சட்டம், மறுகைக் கட்டைவிரல் மைக் பொத்தானில். காலை மணி ஆறே கால். குரல் ஏற ஏற 'ங்க'வும் கூடவே ஏறுகிறது. கொங்கு நாட்டில் பிறந்தவர் அல்லவா, ஒருவரைக் குடும்பத்தோடு சபிப்பதானாலும் மரியாதை குறையாமல்தான் சபிப்பார். ஊசி, உழவு, ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் எல்லாம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். விரலை எடுத்ததும் சாதாரணக் குரலில், டீ குடிக்கிறீர்களா என்று என்னைக் கேட்பார்.

அவர் நடத்தும் வாட்ஸப் குழுவின் பெயர் 'பருவச் சேதி'. கணியூரைச் சுற்றியுள்ள நூற்று எண்பது பேர் அதில் இருக்கிறார்கள்: முருங்கை போட்டவர்கள், பத்து ஆடு வைத்திருப்பவர்கள், எருமைக்காரர்கள், தேன்பெட்டி வைத்திருக்கும் நாலு பேர். எனக்கு நிலமும் கிடையாது, ஆட்டுக்குட்டியும் கிடையாது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற ஆள். ஆனாலும் காலையில் அந்தத் திட்டைக் கேட்காவிட்டால் எனக்குக் காபி இறங்குவதில்லை. அரசு விவசாய அலுவலகத்திலிருந்தும் விவசாயிகளின் போனுக்குச் சேதி வருகிறது. கிணறு காய்ந்து கிடந்த சித்திரையில் 'வயலில் தேங்கிய மழைநீரை உடனே வடிக்கவும்' என்று ஒன்று வந்தது. அனுசுயாவின் சேதி அப்படி இருக்காது. "முந்தாநேத்து பேஞ்ச மழைக்குப் பில்லு தளதளன்னு நிக்கும். ஆட்டை அவுத்து உட்டுப்போடாதீங்க, துள்ளுமாரி நோவு வந்துரும்" என்பார். மழை பெய்ததை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

வயது நாற்பத்தாறு. அதில் பதினோரு வருஷம் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் போய், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றுக்கும் நேரே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. திருத்த முடிகிற பீஸுக்கு அங்கே 'ஆல்ட்டர்' என்று பெயர். அந்த ஸ்டிக்கர் கட்டு ஒன்று இன்றும் அவர் இடுப்புப் பையில் இருக்கிறது. தேனடையின் சட்டத்தையும் துணியைப் போலவே வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். அடைக்குள் வளரும் தேனீக் குஞ்சுப் புழு சரியில்லாத பெட்டிக்கு ஓர் அம்பு. ஒருமுறை அவர் கணவர் பிரபாகர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தபோது அவர் சட்டை முதுகிலும் ஓர் அம்பு ஏறியிருந்தது. மனிதர் அதோடே பால் சொசைட்டிக்குப் போய் வந்திருக்கிறார்.

அவர் வீட்டில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு. தெரியாமல் ஒருநாள் நான் சொல்லிவிட்டேன். முருங்கைக்கு இந்த வருஷம் எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அது மருந்துங்களா? நீங்க ஒரு மூடி குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, மருந்தா என்னன்னு. வெசத்துக்கு மருந்துன்னு பேரு வெச்சவன் எவனோ, அவனத்தான் தேடிட்டு இருக்கறனுங்க." மாத்திரையை மாத்திரை என்பார், களிம்பைக் களிம்பு என்பார். தெளிப்பதை மட்டும் விஷம் என்பார். கடைவீதியில் போய் நின்று, விஷக்கடை திறந்துவிட்டார்களா என்று சத்தமாகக் கேட்பார். கடைக்காரருக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். முருங்கை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அனுசுயாவின் முப்பத்திரண்டு பெட்டிகளும் அவர் காட்டு வரப்பில் வரிசையாக இருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமியின் ஆறு ஏக்கர் முருங்கை. அறுபது தாண்டிய கிட்டுசாமி, அனுசுயாவுக்கு மாமா முறை. "எம்பட பூச்சி உங்க பூவுலதான் மேயுதுங்க மாமா" என்று அனுசுயா அவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். தேனீ என்ற சொல்லே அப்போது அவர் வாயில் வராது. பூச்சி என்றுதான் கொஞ்சுவார், பூச்சி என்றுதான் வைவார்.

அந்த மாசியில்தான் அலுவலகத்துச் சேதி வந்தது: 'முருங்கையில் பூச்சி தென்பட்டால் காலை வேளையில் மருந்து தெளிக்கவும்.' அனுசுயா ஒரு கல்யாணத்துக்காகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். படிக்காமலே குழுவுக்குத் தள்ளிவிட்டார். பதினோரு வருஷம் ஒரு பீஸைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் விடாத கை அது.

மறுநாள் காலை, தேனீக்கள் பூவில் முழுவதுமாக இறங்கியிருந்த நேரத்தில், கிட்டுசாமி ஆறு ஏக்கருக்கும் அடித்துவிட்டார். இருபத்தேழு பெட்டிகள் போயின. பெட்டி வாசலிலும் வரப்பிலும் கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. ஓடிவந்த கிட்டுசாமி சொன்னதை அனுசுயா வார்த்தை மாறாமல் இன்றும் சொல்லிக் காட்டுவார். "நீங்களே அனுப்பியிருக்கறீங்கன்னா, உங்க பூச்சிக்கு ஒண்ணும் பண்ணாத மருந்தாத்தான் இருக்கும்னு நெனைச்சுப்போட்டனுங்க அம்மிணி."

அன்று மதியம் குழுவில் வந்த சேதி ஏழு விநாடிதான். "பூச்சிய நாந்தானுங்க கொன்னுபோட்டேன். கிட்டு மாமாவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." அதற்குப் பிறகு பூச்சி என்ற சொல்லையும் அவர் விட்டுவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப் போல, தேனீ என்று இரண்டு எழுத்தையும் அழுத்திச் சொல்கிறார்.

அதோடு சும்மா இருக்கவில்லை. செத்தவற்றைக் கூட்டி, அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றில் நிரப்பிக்கொண்டு, அந்தச் சேதியை அச்செடுத்து, 'பூச்சி', 'காலை', 'மருந்து' மூன்றுக்கும் நேரே மூன்று சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நஷ்டஈடு கேட்க வரவில்லை என்றார். "இது ஆல்ட்டர் பீஸுங்க. திருத்தி அனுப்புங்க, அது போதும்" என்றார். எதுவானாலும் படிவத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். தேனீக்கென்று படிவம் கிடையாது, மாட்டுக்கு உள்ளதை நிரப்புங்கள் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். இனம், நிறம், கொம்பு உண்டா, ஈத்து எத்தனை. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். கடைசியில், மாட்டின் காதில் மஞ்சளாகத் தொங்குமே, அந்த வில்லையின் எண்ணைக் கேட்டிருந்தது. காதுவில்லை எண் என்ற இடத்தில் 'காதே இல்லைங்க' என்று எழுதிக் கொடுத்தார்.

மேஜைக்காரர் சிரித்திருக்கிறார். காதுவில்லை எண் இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது என்றாராம். சேதியை இங்கே யாரும் எழுதுவதில்லை, மேலிருந்து தானாக வருகிறது என்றாராம். தூக்குப்போசியைத் திறந்து காட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் அதை வெளியே எடுத்துப் போகச் சொன்னாராம். மேலே என்றால் எங்கே? நூற்று எண்பது பேருக்கு ஒருத்தி ஒரே ஒரு சேதியைப் படிக்காமல் அனுப்பிவிட்டு, இரண்டு வருஷமாகத் தன்னையே வைதுகொண்டிருக்கிறாள். ஊர் முழுக்க அனுப்புகிறவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. வைவதற்காவது ஒரு முகத்தைக் காட்டக்கூடாதா?

இந்த மாசியில் அதே சேதி திரும்ப வந்தது. ஒரு சொல் மாறவில்லை. மிஞ்சிய ஐந்து பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து வளர்த்து, அனுசுயா மறுபடி முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்திருந்த நேரம் அது. போனை என் கண்ணுக்கு நேரே நீட்டி, மூன்று தடவை சத்தமாகப் படித்தார். பிறகு கட்டைவிரலை அழுத்தினார். "இன்னைக்கு ஒரு சேதி வந்திருக்குமுங்க. மொதல் சோலியா அதை அழிச்சுப்போடுங்க. மொட்டைப் புழு தின்னுதுன்னா வெசம் அடிச்சுத்தான் ஆகோணும், வேண்டாங்கலீங்க. பொழுது எறங்கினப்புறம் அடிங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அடிங்க. சொல்லாம அடிச்சீங்கன்னா உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவனுங்க, ஆமா."

கிட்டுசாமியின் முருங்கையில் நிஜமாகவே புழு விழுந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் மொட்டு மிஞ்சாது. அவர் போன் பண்ணிச் சொன்னார். அனுசுயா வியாழக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்தார். அவரும் காத்திருந்தார்.

வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். மேற்கே பொழுது சாயும்போது அனுசுயா ஒரு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பனியன் கட்டிங் வேஸ்ட், வெள்ளையும் நீலமுமாக. காற்றுப் போகும், தேனீ போகாது என்றார். துண்டுகளைச் சுருட்டி ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் திணித்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டே போனார். நாளை சாயங்காலம்தான் திறப்பாராம். வரப்புக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமி பவர் ஸ்பிரேயரை மண்மேட்டில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொன்று முடிந்தது. கடைசிப் பெட்டிக்கு மட்டும் தேனீக்கள் ஒன்றிரண்டாக இன்னும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"அம்மிணி, மருந்து..." என்று ஆரம்பித்த கிட்டுசாமி நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "வெசம் அடிக்கட்டுங்களா?"

அனுசுயா கடைசிப் பெட்டியின் முன்னால் மண்டி போட்டு, பக்கப் பலகையில் காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடினார். இடது கையில் துணிச் சுருள் தயாராக இருந்தது. கிட்டுசாமி குனிந்து ஸ்பிரேயரைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தார். பலகையிலிருந்து காதை எடுக்காமலே அனுசுயாவின் வலது கை மேலே எழுந்தது, ஓடுகிற பஸ்ஸை மறிப்பதைப் போல. கிட்டுசாமி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். இன்னும் ஒன்று வந்து வாசலில் இறங்கி உள்ளே போனது. கை இறங்கவில்லை.