சித்தப்பாவின் கோட்டுப் பையில் இருந்த பேரீச்சம்பழம்

இந்த நினைவு மலரை வாங்கும் எல்லோரும் படிக்கலாம். ஆனால் நான் எழுதுவது என் பிள்ளைகளுக்காக. எட்டாம் வகுப்போடு நின்று விழுப்புரம் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா எங்கள் ஊரான காணையில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே எங்கள் அம்மா போய்விட்டார். வளர்த்தது உங்கள் அத்தைதான். ஐந்து வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது, தம்பி பிழைத்தால் கிருத்திகைதோறும் பட்டினி விரதம் இருப்பான் என்று மயிலம் முருகனுக்கு அத்தை வேண்டிக்கொண்டார். வளர்ந்த பிறகு சித்தப்பா ஒரு மாதமும் அதைத் தவறவிட்டதில்லை. அன்று பச்சைத் தண்ணீர்தான்.

படித்துத் திண்டிவனத்தில் டிரில் வாத்தியார் ஆனார். சென்னை நண்பர்கள் நால்வரோடு கோடை விடுமுறையில் இமயமலை ஏறப் போனார். அந்த மலைக்காரரான ஒரு கைடு இவர்களைக் கயிற்றில் கோத்து அழைத்துப் போவார். முதல் வருஷம் சிறிய சிகரம். மூக்குத் தோல் உரிந்து, கறுத்துப்போய், ஆனால் வேறு ஆளாகத் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். என்னிடம் மட்டும் சொன்னார்: “மேல நின்னா மூச்சு கெடைக்கலண்ணா. ஆனா, நம்மாலயும் முடிஞ்சுதேன்னு ஒரு சந்தோசம் வருது பாரு, அது கீழ எங்கயும் கெடைக்காது.”

மறு வருஷம் பெரிய சிகரத்துக்குக் கிளம்பினார். அத்தை விடவில்லை.

“ஏறறதுக்கு மயிலம் மலை பத்தலியா உனக்கு?”

“அஞ்சு பேரு கயித்துல கட்டிக்கினு போவோங்க்கா. ஒருத்தன் வழுக்குனா நாலு பேரு புடிச்சிப்பான்.”

“நாலு பேரும் வழுக்குனா?”

“அதுக்குத்தான் கைடு இருக்காரே.”

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன இடத்திலிருந்து கடிதம் வந்தது. எந்தத் தேதியில் உச்சிக்கு ஏறுவார்கள் என்று எழுதியிருந்தார். அத்தை என்னிடம், “அங்க பஞ்சாங்கம் ஏது? கிருத்திகை என்னைக்குன்னு ஒரு கார்டு போடுடா” என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நாள். முருகன் துணை இருப்பார் என்று சந்தோஷப்பட்டு, தேதிக்குக் கீழே கோடும் போட்டு அனுப்பினேன்.

உச்சியைத் தொட்டுவிட்டார்கள். இறங்கும்போது சித்தப்பாவுக்குக் கால் எழவில்லை, பேச்சு குழறியது, பனியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களைத் தன் உதவியாளோடு கீழே அனுப்பிவிட்டுக் கைடு அவரோடு இருந்தார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. மலையடிவாரத்திலேயே எரியூட்டினார்கள். முகம்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஆறு மாதம் அந்தக் கைடைச் சபித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூடப்போன நண்பர் ஒருவர் சித்தப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கோட்டின் பையில், ஏறும் நாள் காலையில் கைடு பங்கிட்டுக் கொடுத்த பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் அப்படியே இருந்தன. கூடவே என் கார்டு. அன்று கைடு ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டாராம். சித்தப்பா ஆமென்று தலையை ஆட்டினாராம். பட்டினி என்று தெரிந்திருந்தால் கைடு அவரைக் கயிற்றிலேயே கட்டியிருக்க மாட்டார். சாப்பிட்டிருந்தாலும் அந்த உயரத்தில் இப்படி ஆகலாம் என்றார் நண்பர். அதை நம்ப என்னால் முடியவில்லை. கயிறு அறுந்துபோகவில்லை, யாரும் வழுக்கவில்லை. நான் போட்ட கார்டு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கும், காணைக்கு நடந்து வந்து தந்தி கொடுத்தவருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும் கைகூப்புகிறேன். சித்தப்பாவைவிட்டு நகராமல் இருந்து கால்விரல் இரண்டைப் பனிக்குக் கொடுத்த கைடிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒரு உதவி வேண்டும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரைப் படித்துக்காட்டச் சொல்லி உங்களில் யாரையாவது கூப்பிடுவார். கார்டையும் பேரீச்சம்பழத்தையும் விட்டுவிட்டுப் படியுங்கள். தம்பி விட்டுப்போன விரதத்தை இப்போது மாதந்தோறும் அவர்தான் இருக்கிறார்.